உள்வளைவு தேய்க்க ஸ்பிண்டில் சாண்டர்: பட்டறைக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டுத் தார்சாவை ஒட்டி ஒன்பதுக்குப் பதினொன்று அறை ஒன்று உண்டு. அதுதான் பட்டறை. மூலையில் ஒரு ஸ்பிண்டில் சாண்டர் நிற்கிறது. எட்டிப் பார்க்கிற ஆசாரிமார், மரவேலையில் புதிதாக இறங்கிய நண்பர்கள், கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு ஓரமாக இழுத்துப் போகிற சொந்தக்காரர்கள் என்று எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது என்னது அண்ணாச்சி, உருளை சுத்துது, கூடவே ஏறி ஏறி இறங்குது?

மேசை நடுவில் ஓர் ஓட்டை. அதற்குள்ளிருந்து செங்குத்தாக ஒரு தண்டு வருகிறது, அதுதான் ஸ்பிண்டில். தண்டில் ரப்பர் உருளை. உருளையின் மேல் உப்புத்தாளைக் குழாயாகச் சுருட்டிய உறை. இந்த உறைக்கு ஸ்லீவ் என்று பெயர். சுவிட்ச் போட்டால் உருளை சுற்றும். சுற்றிக்கொண்டே, மேசைமேல் வைக்கிற சிறிய மெஷின்களில் நிமிடத்துக்கு அறுபது தடவை போல, ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் ஏறி இறங்கும். பலகையைப் படுக்க வைத்து வளைவை உருளையில் காட்டினால் போதும்.

வெளிவளைவை இழைப்புளியாலோ அரத்தாலோ எப்படியாவது சமாளித்துவிடலாம். உள்வளைவுக்கு உள்ளே போகிற உருண்டையான சாமான்தான் வேண்டும். பழைய ஆசாரிமார் அரைவட்ட அரத்தால் ராவி, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி முடிப்பார்கள். அந்த வேலையைத்தான் இது செய்கிறது.

ஏறி இறங்காட்டி என்ன கெட்டுப் போச்சு?

ஒரே இடத்தில் சுற்றினால் தாளில் துருத்திக்கொண்டிருக்கிற ஒரு மணல் பருக்கை மரத்தில் அதே இடத்தில் கோடு கிழித்துக்கொண்டே இருக்கும். கையால் தேய்த்து அந்தக் கோட்டை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஏறி இறங்கும்போது கோடு ஒன்றன்மேல் ஒன்று விழாமல் கலைந்துவிடுகிறது. தாளின் ஒரே பட்டை தேயாது, சூடும் பரவும், தூளும் உதிரும்.

எனக்கு இது தேவையா, ஆசையா? நேரா சொல்லுங்க.

போன வருஷம் எத்தனை உள்வளைவு தேய்த்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரிவாள்மணைக் கட்டை, தேங்காய் துருவிப் பலகை, மரக்குதிரை, நாற்காலிக் கை, கரண்டி என்று மாதத்துக்கு இரண்டு மூன்று வந்தால் வாங்கலாம். கட்டில், அலமாரி, கதவுதான் உங்கள் வேலை என்றால் அந்தப் பணத்துக்கு தட்டைப் பலகை தேய்க்கிற நல்ல ஆர்பிட்டல் சாண்டரும் நாலு கிளாம்ப்பும் வாங்குங்கள்.

அம்பாசமுத்திரம் சொப்பு சாமான் மாதிரி செய்யப் போகிறேன் என்று இரண்டு பேர் வந்தார்கள். அது கடைசல் வேலை. கட்டை கடைசலில் சுற்றும்போதே உப்புத்தாளைப் பிடித்து, அரக்குச் சாயமும் அதிலேயே ஏற்றிவிடுவார்கள். அதற்கு இந்த மெஷினால் ஒரு உபயோகமும் இல்லை.

எங்கிட்ட பில்லர் டிரில் கிடக்கு. அதுல ரப்பர் உருளை மாட்டித் தேய்க்கக் கூடாதா?

தேய்க்கலாம். சில நூறு ரூபாய்க்கு உருளை செட் கிடைக்கும். முதலில் அதை வாங்கித் தேய்த்துப் பாருங்கள் என்றுதான் எல்லாருக்கும் சொல்கிறேன். ஆறு மாதம் அதில் ஓட்டினால் மேலே கேட்ட ‘தேவையா ஆசையா’வுக்கு விடை தானாகத் தெரிந்துவிடும்.

குறை என்னவென்றால், டிரில்லின் பேரிங் மேலிருந்து கீழே அமுக்குகிற விசைக்குச் செய்தது. நீங்கள் பக்கவாட்டில் தள்ளுவீர்கள். தள்ளத் தள்ள ஆட்டம் கொடுக்கும். முனையைப் பிடிக்கிற சக், கூம்பு வடிவ டேப்பரில் வெறும் இறுக்கத்தில் நிற்கிற வகையாக இருந்தால், பக்க அழுத்தத்தில் அது கழன்று விழவும் கூடும். அழுத்தாமல் பைய தேய்க்க வேண்டும். ஒரு பலகையில் ஓட்டை போட்டு மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள், உருளையின் அடிப்பாகம் அந்த ஓட்டைக்குள் இறங்கி நிற்கட்டும். இல்லாவிட்டால் பலகையின் கீழ் விளிம்பு தேயாமல் உதடு மாதிரி நிற்கும்.

எத்தனை எச்.பி. மோட்டார் பாக்கணும்?

வீட்டுக்கு அரை எச்.பி. போதும். 450 வாட் மெஷின் இரண்டு ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் தாங்கும். விடாமல் ஓட்டினாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். எர்த் மட்டும் சரியாக இருக்கட்டும்.

எச்.பி.யைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு யாரும் உருளை அளவைப் பற்றிக் கேட்பதில்லை. அது எனக்கு ஒரு வருத்தம்.

சரி, உருளை அளவு சொல்லுங்க.

வழக்கமாக வருகிற செட்டில் 13, 19, 26, 38, 51, 76 மி.மீ. இருக்கும். அரை அங்குலத்தில் தொடங்கி மூன்று அங்குலம் வரை. வளைவுக்குள் போகிற உருளைகளில் எது பெரியதோ அதைப் போடுங்கள். பெரிய வளைவில் சின்ன உருளையைப் போட்டால் அலை அலையாகக் குழி விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 76 மி.மீ. உருளையின் விளிம்பு நிமிடத்துக்கு 477 மீட்டர் ஓடுகிறது, 13 மி.மீ. உருளையில் அதே சுற்றுக்கு 82 மீட்டர்தான். சின்ன உருளை மெதுவாகத்தான் தேய்க்கும், தாளும் சீக்கிரம் மழுங்கும். மெஷின் சரியில்லை என்று வருகிற புகாரில் பாதி, 13 மி.மீ. உருளையில் தேக்கை அமுக்கித் தேய்த்த கதைதான்.

மேசை சாயுற மாதிரி வாங்கணுமா?

45 டிகிரி வரை சாய்கிற மேசை சரிவு விளிம்புக்கு உதவும். நான் வருஷத்தில் ஒரு தடவை சாய்த்தால் அதிகம். சாயாத வார்ப்பிரும்பு மேசையும் சாய்கிற மெல்லிய தகரமும் ஒரே விலையில் இருந்தால் சாயாததை எடுங்கள். உருளையைச் சுற்றி மேசை ஓட்டையின் சந்தை மூடுவது வளையத் தட்டு. சாய்கிற மேசை வாங்கினால், சாய்வில் போட நீள்வட்ட ஓட்டை உள்ள வளையத் தட்டு கூடவே வருகிறதா என்று பாருங்கள்.

கடையில போயி எதைப் பாத்து எடுக்க?

பையில் ஒரு சின்ன மூலைமட்டம் கொண்டு போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார், பார்க்கட்டும். மேசைமேல் மூலைமட்டத்தை நிறுத்தி உருளையோடு ஒட்டிப் பாருங்கள். வெளிச்சக் கீற்று மேலும் கீழும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். அடுத்து தண்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலும் கீழும் போவது அதன் தொழில், பக்கத்தில் ஆடக் கூடாது. ஸ்கேலை மேசையில் குறுக்காக நிறுத்தினால் நடுவில் பள்ளம் இருக்கிறதா என்று தெரியும். கடைசியாக வளையத் தட்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு உருளைக்கும் பொருந்துகிற மாதிரி இருக்க வேண்டும். ஏன் என்று கட்டை பறந்த கதையில் சொல்கிறேன்.

ஆன்லைனில் வாங்கினால் இதே சோதனையை வீட்டில், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். இதெல்லாம் தேறின பிறகும் பணத்தை எடுக்காதீர்கள். அடுத்த கேள்வி இருக்கிறது.

இதுக்குத் தாள் நம்ம ஊர்ல கெடைக்குமா?

வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது இந்த இடத்தில்தான். மெஷின் ஒரு தடவை செலவு, ஸ்லீவ் ஆயுசுக்கும் செலவு. திருநெல்வேலி ஜங்ஷனிலும் டவுனிலும் நான் ஏறி இறங்கிய ஹார்டுவேர் கடைகளில் தகடு உப்புத்தாள் உண்டு, எமரித் துணி உண்டு, பெல்ட் உண்டு. குழாய் மாதிரி உப்புத்தாள் என்றால் பி.வி.சி. பைப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆன்லைனில்தான் வாங்குகிறேன். ஆகவே, எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் அதன் ஸ்லீவ் விட்டமும் உயரமும் தனியாக விற்கிறதா என்று தேடுங்கள். மேலே சொன்ன ஆறு அளவில், நாலரை அங்குல உயரத்தில் இருந்தால் கவலை குறைவு. அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பொருந்துகிற விசித்திர அளவாக இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு ஸ்லீவை மூன்று மடங்கு ஓட்டுகிற வழி ஒன்று. ஒரு அங்குலப் பலகை தேய்க்கும்போது, ஏறி இறங்குகிற தூரத்தையும் சேர்த்து, 41 மி.மீ. பட்டைதான் தேய்கிறது. மீதி மூன்று அங்குலத்துக்குக் கிட்டப் புதுசாகவே இருக்கும். கீழ்ப்பட்டை மழுங்கியதும் ஸ்லீவைக் கழற்றித் தலைகீழாக மாட்டுங்கள். அதுவும் போனால், ஓட்டை போட்ட ஒன்றரை அங்குலக் கனப் பலகையை மேசைமேல் வைத்து அதன்மேல் தேயுங்கள், நடுப்பட்டையும் வேலைக்கு வந்துவிடும்.

சொந்தமாகவும் செய்யலாம். 51 மி.மீ. உருளைக்குச் சுற்றளவு 160 மி.மீ. எமரித் துணியை அந்த அளவுக்கு வெட்டி, இரண்டு முனையையும் சாய்வாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து, உள்பக்கம் உறுதியான டேப் ஒட்ட வேண்டும். சந்து நேராக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று அடிக்கும், சாய்வாக இருந்தால் அடிக்காது. 13 மி.மீ.க்கு இதை முயற்சி செய்து நான் தோற்றுவிட்டேன்.

அண்ணன் துபாய்ல இருக்கான், மச்சான் அமெரிக்காவுல இருக்கான். யாருகிட்ட சொல்லி விடட்டும்?

அண்ணனிடம். துபாயில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்ம ஊர் மாதிரியேதான். பிளக் மட்டும் மாற்ற வேண்டும். மேசைமேல் வைக்கிற மெஷின் பதின்மூன்று கிலோ போல வரும். பெட்டியில் மற்றவர்களுக்கான சாமானுக்கு இடம் இருக்காது, அந்தச் சண்டையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்டேஜை டிரான்ஸ்ஃபார்மர் குறைத்துவிடும், ஹெர்ட்ஸை அதனால் மாற்ற முடியாது. இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 1725 சுற்று 1430 பக்கம் வந்துவிடும். 50 ஹெர்ட்ஸில் அதே 120 வோல்ட் கொடுத்தால் மோட்டார் கூடுதலாகச் சூடாகும், 100 வோல்ட் கொடுத்தால் சரியாக இருக்கும். இத்தனை பாடு எதற்கு? சவுதியில் இருந்து வந்தால் தகட்டைப் படித்துப் பாருங்கள், அங்கேயும் 60 ஹெர்ட்ஸ்தான்.

சாயங்காலம் கரண்ட்டு டல்லா வந்தா ஓட்டலாமா?

வேண்டாம். 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் இண்டக்‌ஷன் மோட்டாரின் இழுவை கால் பங்கு குறையும் என்று நினைப்போம். இழுவை வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால் நிஜத்தில் 61 சதவீதம்தான் மிஞ்சும். நீங்கள் வழக்கம்போல அழுத்துவீர்கள், அது திணறிச் சூடாகும். காலையில் தேய்த்துக்கொள்ளலாம்.

எந்த நம்பர் தாளுல ஆரம்பிக்க?

நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும். வெட்டிய தடத்தை எடுக்க 80, அதன்பின் 120. 150-க்கு மேல் மெஷினில் போவதில்லை, 220 கையால்தான். ஜிக்சா ரம்பத்தில் வெட்டும்போதே கோட்டுக்கு வெளியே ஒன்று, ஒன்றரை மி.மீ. விட்டு வெட்டுங்கள். அரை அங்குலம் விட்டுவிட்டு, மெஷின் தின்னும் என்று கொண்டு வருகிறார்கள். இது தேய்க்கிற மெஷின், அறுக்கிற மெஷின் இல்லை.

வேம்பு தேச்சா தாளு அடைச்சுக்கிடுது, தேக்கும் அப்படித்தான். என்ன செய்ய?

இரண்டிலும் எண்ணெய்ப் பசை உண்டு. அதைவிட மோசம், சரக்கு அடுக்குகிற பேலட்டைப் பிரித்த பைன் மரம். தூத்துக்குடி ஹார்பர் பக்கமிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோம், பிசின் தாளில் மிட்டாய் மாதிரி உறைந்துவிடும். உருளை ஓடும்போதே ஒரு கிரேப் ரப்பர் கட்டியை அதில் அழுத்தினால் தூள் பிய்ந்து வரும். விற்கிற கட்டிதான் வேண்டும் என்றில்லை. என்னிடம் இருப்பது பழைய கேன்வாஸ் ஷூவின் அடிப்பாகம். ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குகிற செருப்பு மட்டும் வேண்டாம், உருகித் தாளை ஒரேயடியாக அடைத்துவிடும்.

ரப்பர் மரம் ஆகாது என்பார்கள். இந்த மெஷினுக்கு அது தங்கம், தாளை அடைப்பதே இல்லை. பழைய வீடு பிரித்த தேக்கு என்றால் முதலில் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள். ஒரு மொட்டை ஆணி போதும், புது ஸ்லீவ் நீளத்துக்குக் கிழிந்துவிடும்.

எனக்கு மரம் கருகுது அண்ணாச்சி, தாள் புதுசுதான்.

ஓர் இடத்தில் நிறுத்தி அமுக்குகிறீர்கள். கையை ஓட்டிக்கொண்டே இருங்கள். அப்படியும் கருகினால் தாள் அடைந்திருக்கிறது, முந்தின பதிலைப் பாருங்கள். மரத்தை நாருக்குக் குறுக்கே அறுத்த முகத்தில் கொஞ்சம் கருகத்தான் செய்யும், 80-க்கு இறங்கி வாருங்கள்.

சின்னக் கட்டையைப் பிடுங்கிட்டுப் போயிட்டு. பயமா இருக்கு.

எனக்கும் நடந்தது. வாங்கிய முதல் மாதம். பெருவிரல் அளவு பூவரசுத் துண்டு, கரண்டிக் கழுத்து தேய்க்கிறேன். 13 மி.மீ. உருளை, சுற்றியிருந்ததோ 51-க்கு உள்ள வளையத் தட்டு, மாற்றச் சோம்பல். துண்டின் முனை அந்தச் சந்துக்குள் இறங்கியதும் உருளை அதை உள்ளே இழுத்தது. கட்டை சன்னல் பக்கம் பறந்தது, என் நடுவிரல் தாளில் உரசி நகக்கண்ணில் தோல் போனது. வத்தல் போட மாடிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, ‘வெரலை எண்ணிக்கோ’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உருளைக்கு ஏற்ற வளையம் போடுங்கள். கைக்குள் அடங்குகிற துண்டைத் தனியாகத் தேய்க்காதீர்கள். பெரிய பலகையாக இருக்கும்போதே வளைவைத் தேய்த்துவிட்டு, பிறகு நறுக்குங்கள். தள்ளுவது எப்போதும் சுற்றுக்கு எதிராக. மேலிருந்து பார்க்கும்போது உருளை கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றினால், உங்கள் பக்கத்து முகம் இடமிருந்து வலம் ஓடும். நீங்கள் வலமிருந்து இடம் தள்ள வேண்டும். சில மெஷின் மறுபக்கம் சுற்றும், அணைக்கும்போது வேகம் குறைகையில் பார்த்து, மேசையில் சாக்பீஸால் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

தூசிக்கு என்ன செய்யீங்க? வீட்ல சத்தம் போடுதாங்க.

சத்தம் போடுவது நியாயம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குகிற பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வேப்பந்தூள் மூக்கில் ஏறினால் ராத்திரி வரை தொண்டை கசக்கும். மெஷினின் பின்பக்கம் 38 மி.மீ. தூசிக் குழாய் வாய் இருக்கும். வாக்குவம் குழாய் அதற்குப் பொருந்தாது. சைக்கிள் டியூப்பில் ஒரு சாண் வெட்டி இரண்டையும் இணைத்துவிட்டேன், இரண்டு வருஷமாக நிற்கிறது. அதோடு என்95 முகக்கவசம். ஆனி ஆடிச் சாரல் காற்றில் வாசலில் வைத்துத் தேய்த்தால் தூள் பக்கத்து வீட்டுக்குப் போகும், பிறகு பேச்சும் திரும்பி வரும்.

பல்லாங்குழிக் குழியை இதுல தேய்க்கலாமா?

முடியாது. உருளை பக்கச்சுவரைத்தான் தேய்க்கும், குழியின் அடிக்குப் போகாது. அதற்கு உளி, பிறகு டிரில்லில் மாட்டுகிற உருண்டை முனை. பலகையின் மீன் வடிவ வெளிவிளிம்பை வேண்டுமானால் இதில் முடிக்கலாம்.

நாற்காலிக் கால் நாலும் அச்சு அடிச்ச மாதிரி வருமா?

வரும். உருளையைச் சுற்றி மேசைமேல் ஒரு பிளைவுட் வளையம் ஒட்ட வேண்டும். 51 மி.மீ. உருளை என்றால் வளையத்தின் வெளிவிட்டம் 63. காலின் அச்சை ஒரு பிளைவுட்டில் வெட்டி, இரட்டை ஒட்டு டேப்பால் காலின் அடியில் ஒட்டுங்கள். அச்சு வளையத்தை உரசிப் போகும், மேலே உள்ள மரத்தை உருளை தேய்க்கும். மரம் அச்சைவிட 6 மி.மீ. வெளியே நிற்கும், ஆகவே அச்சைச் சுற்றிலும் 6 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். நான் முதல் தடவை குறைக்க மறந்தேன். எல்லாக் காலும் ஒரே மாதிரிதான் வந்தன, எல்லாம் தடி.

பெல்ட்டும் ஸ்பிண்டிலும் சேர்ந்தே ஒரு மெஷின் இருக்காமே?

இருக்கிறது. உருளையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்த பெல்ட் மாட்டலாம், அதுவும் ஏறி இறங்கும். நேர் விளிம்பு, வெளிவளைவு, உள்வளைவு எல்லாம் ஒரே இடத்தில். என் அறை அளவுக்கு அதுதான் சரி, இன்னொரு தடவை வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். பெயர் பெற்ற ரிட்ஜிட் கம்பெனி மாடல் அமெரிக்காவுக்குச் செய்தது, மச்சான் பதிலில் சொன்ன சிக்கல் அப்படியே வரும். 230 வோல்ட் மாடலாகத் தேடுங்கள்.

ஒருத்தரு பழைய மெஷின் விக்காரு. போயிப் பாக்கலாமா?

போங்கள், மூலைமட்டத்தோடு. அங்கேயே பத்து நிமிடம் ஓட விடச் சொல்லுங்கள். ஏறி இறங்குகிற பகுதியில் ஒரு கியரும், தண்டை ஏற்றி இறக்குகிற கேமும் இருக்கும். தூள் புகுந்து தேய்ந்திருந்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் ‘டொக்’ என்று கேட்கும். ரப்பர் உருளைகளை நகத்தால் அமுக்கிப் பாருங்கள். காய்ந்து வெடித்திருந்தால், மேல் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் உப்பி ஸ்லீவைப் பிடிக்காது, ஸ்லீவ் நழுவும். நான் பார்க்கப் போன ஒன்றில் எல்லாம் சரியாக இருந்தது, ஸ்லீவ் உயரம் மட்டும் மூன்றே கால் அங்குலம். அந்த அளவு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.